பிண்ணாக்குத் தூசியும் இளைப்பு நோயும்: சீமைப்பெருச்சாளிகள் காட்டிய உண்மை

நிலத்திற்கு எரு இடுவதும், தானியத்தைத் தூற்றுவதும், மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போடுவதும் குடியானவர்கள் அன்றாடம் செய்துவரும் வேலைகளாகும். இவ்வேலைகளின்போது எழும் தூசியை அவர்கள் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. தும்மல் வந்தால் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். பெரும்பாலோர்க்கு இதனால் கெடுதல் ஒன்றும் நேர்வதில்லை என்பதும் உண்மையே. ஆனால் சிலருக்கு மாத்திரம் இத்தூசியே நாளடைவில் மூச்சுத் திணறலையும் இளைப்பையும் உண்டாக்கி, வேலை செய்யும் சக்தியையே பறித்துவிடுகின்றது. தொழிலினால் வரும் இந்த இளைப்பு நோயைத் தொழில்சார் ஆஸ்துமா என்று வைத்தியர்கள் வழங்குவர்.

இந்நோயைப் பற்றிக் குடியானவர்கள் சாதாரணமாய்க் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சென்ற இரண்டு வருஷங்களாக இதே பிண்ணாக்கைத்தான் இடித்து வயலுக்குப் போட்டேன். அப்பொழுது ஒன்றும் செய்யாத தூசி இப்பொழுது மட்டும் எப்படி நோயைக் கொடுக்கும்? என்னோடு வேலை செய்த தம்பிக்கு ஏன் ஒன்றும் இல்லை?" என்பதே அது. நியாயமான கேள்விதான். இதற்கு விடை வயலிலிருந்தோ வைத்தியசாலையிலிருந்தோ முதலில் கிடைக்கவில்லை. பரிசோதனைச் சாலையில் வளர்க்கப்பட்ட சீமைப்பெருச்சாளி என்னும் சிறு பிராணியிடமிருந்தே கிடைத்தது. அவ்வரலாற்றையும், அதனால் நாம் அறிந்து நடக்கவேண்டியவற்றையும் இங்கே சுருக்கமாய்க் கூறுவோம்.

தாம்பரத்துச் சுற்றுப்புறம்

சென்னைக்குத் தெற்கே உள்ள தாம்பரம், நுரையீரல் நோய்களைப் பொறுத்தவரையில் பெயர்பெற்ற இடமாகும். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து என்பவர் க்ஷயரோகிகளுக்காக இங்கே ஓர் ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். 1937ஆம் ஆண்டில் அதனை அரசாங்கத்தார் ஏற்றுக்கொண்டனர். அதுவே இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகின்றது. அதன் பெயராலேயே அப்பகுதியும் ரயில் நிலையமும் "தாம்பரம் சானடோரியம்" என்று வழங்கலாயின. நல்ல காற்றை நாடி நோயாளிகள் வந்த அவ்விடத்தைச் சூழ்ந்து, காலப்போக்கில் தொழிற்சாலைகள் பெருகின. 1984ஆம் ஆண்டில் ஏற்றுமதித் தொழில் வளாகம் ஒன்றும் அங்கேயே அமைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று.

எனினும், மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று சென்றால் இன்றும் நெல்லும் காய்கறியும் பயிராகும் நிலங்களைக் காணலாம். ஒரே குடும்பத்தில் தகப்பனார் நிலத்தைப் பார்க்க, மகன் தொழிற்சாலைக்கோ வண்டிகளுக்கு வண்ணம் தெளிக்கும் பட்டறைக்கோ செல்வதும் இப்பக்கங்களில் வழக்கம். ஆகவே, வயல் தூசியும் ஆலைத் தூசியும் ஒரே வீட்டில் வந்து சேருகின்றன. இரண்டினாலும் வரக்கூடிய இளைப்பு நோயின் அடிப்படை ஒன்றேயாதலால், இவ்விஷயம் இப்பகுதியினர்க்கு விசேஷமாய்ப் பயன்படத்தக்கது.

ஆமணக்குப் பிண்ணாக்கின் இரண்டு குணங்கள்

எருவாகப் பயன்படும் பிண்ணாக்குகளில் ஆமணக்குப் பிண்ணாக்கு முக்கியமானது. அதில் நூற்றுக்கு 4 முதல் 5 பங்கு வரை தழைச்சத்து உண்டு. நிலத்திற்கும் தோட்டத்திற்கும், இக்காலத்தில் நகரத்து மாடித்தோட்டங்களுக்கும் அதனை வாங்கி இடுகின்றார்கள். சேலம் ஜில்லாவிலுள்ள ஏத்தாப்பூரில் ஆமணக்கை ஆராயும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பது பலரும் அறிந்ததே.

இப்பிண்ணாக்கில் இரண்டு வெவ்வேறு கெடுதல்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, ரிசின் என்னும் நஞ்சு. இதன் காரணமாகவே ஆமணக்குப் பிண்ணாக்கை மாடுகளுக்குத் தீனியாக வைக்கலாகாது என்று நம் பெரியோர் விலக்கினர். நன்றாகச் சூடேற்றினால் இந்நஞ்சு அழிந்துவிடும். இரண்டாவது, ஒவ்வாமையை உண்டாக்கும் சில சிறு புரதங்கள். இவை நஞ்சு அல்ல. ஆனால் சிலருடைய மூச்சுக்குழல்களைச் சுருங்கச் செய்யும். இவை சூட்டுக்கும் எளிதில் அழிவதில்லை. ஆகையால், நஞ்சு நீக்கப்பட்ட பிண்ணாக்காயினும், அதன் தூசி இளைப்பை உண்டாக்கக்கூடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். இப்புரதங்கள் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுவதால், சுத்தம் செய்யப்பட்ட விளக்கெண்ணெயைப் பற்றி இந்த அச்சம் வேண்டுவதில்லை.

1928ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டொலீடோ என்னும் நகரத்தில், ஆமணக்கெண்ணெய் ஆலையொன்றின் அருகில் குடியிருந்தவர்கள் பலருக்கு ஆஸ்துமா கண்டது. அவர்கள் ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். காற்றில் வந்த தூசியைச் சுவாசித்தவர்களே. ஃபிக்லி, எல்ராட் என்னும் வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். 1950களின் தொடக்கத்தில் பிரேசில் தேசத்து பௌரு நகரத்திலும் ஆமணக்குத் தூசியினால் ஊரில் பலருக்கு ஒருசேர இளைப்பு நேரிட்டது. ஆமணக்கு கட்டிவந்த கோணிப்பைகளைத் திரும்பவும் காப்பிக்கொட்டைக்குப் பயன்படுத்தியதால், காப்பிக் கிடங்கு வேலையாட்களுக்கு நோய் வந்ததும் உண்டு. காலிச் சாக்கை உதறும் வழக்கமுள்ள நமக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

சீமைப்பெருச்சாளி கற்பித்தது யாது?

கினிப்பன்றி என்றும் சொல்லப்படும் சீமைப்பெருச்சாளி, முயலைப்போல் புல் தின்னும் சாதுவான பிராணி. க்ஷயரோகத்தின் ஆராய்ச்சியிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1950களில் பால்ட்டிமோர் நகரத்தில், க்ஷயரோகிகள் இருந்த அறையின் காற்றை மாத்திரம் குழாய் வழியே இப்பிராணிகளின் கூண்டிற்குச் செலுத்தி, அந்நோய் காற்றின் மூலமாகவே தொற்றும் என்று நிலைநாட்டினார்கள்.

ஒவ்வாமையைப் பற்றிய பரீட்சை பின்வருமாறு. முட்டையின் வெண்கரு போன்ற ஒரு புரதத்தில் மிகச் சிறிதளவை சீமைப்பெருச்சாளிக்கு ஊசியால் ஏற்றினால், அதற்கு ஒரு தீங்கும் விளைவதில்லை. வழக்கம்போல் தின்று திரியும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அதே புரதத்தை மறுபடியும் ஏற்றினால், சில நிமிஷங்களுக்குள் பிராணி மூக்கைச் சொறிந்து, மூச்சுக்குத் தவித்து, பல சமயங்களில் இறந்தும் போகின்றது. 1902ஆம் ஆண்டில் ரிஷே, போர்ட்டியே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் நாய்களிடத்தில் இத்தகைய விளைவைக் கண்டு அதற்குப் பெயரிட்டனர். அதன் பொருட்டு ரிஷே 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1910ஆம் ஆண்டில் அவுர், லூயிஸ் என்னும் இருவர், சீமைப்பெருச்சாளி இறப்பது மூச்சுக்குழல் கிளைகளைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக் காற்று வெளியேற முடியாமல் நுரையீரல் உப்பிவிடுவதனால்தான் என்று காட்டினர். இளைப்பு நோயாளியின் மூச்சு தடைப்படுவதும் இம்மாதிரியே என்பது வைத்தியர்களுக்கு உடனே விளங்கிற்று.

ஆனால் குடியானவனுக்கோ ஆலைத் தொழிலாளிக்கோ எவரும் ஊசியால் தூசியை ஏற்றுவதில்லையே என்று கேட்கலாம். 1927ஆம் ஆண்டில் ராட்னர் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் குதிரையின் உலர்ந்த தோற்பொடுகைச் சீமைப்பெருச்சாளிகளுக்கு மூக்கின் வழியாக மாத்திரம் செலுத்திப் பார்த்தனர். அதனாலும் அவை ஒவ்வாமை அடைந்தன. பின்னர் அதே தூசியைச் சுவாசித்தபோது இளைப்புக் கண்டன. சுவாசிக்கும் தூசி ஒன்றே போதும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

மேலே கூறிய கேள்விக்கு விடை இதுவே. முதலில் சுவாசித்த தூசி நோயைக் கொடுப்பதில்லை. நோய்க்கு உடலைத் தயார் செய்கின்றது. அத்தூசிக்கென்று தனியான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உண்டாகின்றன. அவை மூச்சுக்குழல் ஓரங்களிலுள்ள மாஸ்டு என்னும் உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. பிறகு ஒருநாள் அதே தூசி வரும்போது அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வஸ்துக்களைக் கொட்டிவிட, குழல்கள் இறுகுகின்றன. இத்தயாரிப்புக் காலம் சிலருக்குச் சில வாரங்கள். சிலருக்குச் சில வருஷங்கள். தூசியின் அளவும் அவரவர் உடல்வாகும் இதனை நிர்ணயிக்கும். ஆகையால்தான் தமையனுக்கு வந்தது தம்பிக்கு வராமலிருக்கின்றது. ஒருமுறை உடல் இவ்விதம் தயாராகிவிட்டால், முன்பு பொறுத்ததைவிட எத்தனையோ மடங்கு குறைந்த தூசியும் போதும், மூச்சுத் திணறுவதற்கு.

ரசாயனப் பொருள்களும் தோலின் வழியும்

புரதமல்லாத சாதாரண ரசாயனப் பொருள்களும் இவ்விதம் செய்யக்கூடும். 1935ஆம் ஆண்டில் லாண்ட்ஸ்டைனர் என்னும் பேரறிஞரும் ஜேக்கப்ஸ் என்பவரும் சீமைப்பெருச்சாளியின் தோலில் எளிய ரசாயனங்களைச் செலுத்தி ஒவ்வாமையை உண்டாக்கிக் காட்டினர். அச்சிறு பொருள்கள் உடலின் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, அவற்றையே அந்நியப் பொருள்போல் தோன்றச் செய்கின்றன. வண்டிகளுக்குத் தெளிக்கும் வண்ணங்களிலும் மெத்தைக்கான நுரைப் பொருள்களிலும் பயன்படும் ஐசோசயனேட்டு என்னும் ரசாயனத்தை 1980ஆம் ஆண்டை ஒட்டி மெரில் கரோல் என்னும் அம்மையார் சீமைப்பெருச்சாளிகளைச் சுவாசிக்கச் செய்து, எதிர்ப்பொருள்கள் உண்டாவதைக் கண்டறிந்தார்.

இதன் பின்னர் சுண்டெலிகளிடத்தில் செய்த பரீட்சைகளில் இன்னும் எதிர்பாராத உண்மை ஒன்று வெளிப்பட்டது. ஐசோசயனேட்டை எலியின் தோலில் மாத்திரம் தடவிவிட்டு, பிறகு சிறிதளவைச் சுவாசிக்கச் செய்தால், அதன் நுரையீரல் அழற்சி கொள்கின்றது. அதாவது, தோலின் வழியே நுழைந்தது நுரையீரலுக்கு நோயைத் தயார் செய்துவிட்டது. மூக்கை மூடிக்கொண்டு வெறுங்கையால் வேலை செய்வது முழுப் பாதுகாப்பாகாது என்பது இதன் பொருள்.

பிராணிகள் காட்டாதவை

சீமைப்பெருச்சாளியிடத்தில் கண்டதெல்லாம் மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வது தவறு. அதன் மூச்சுக்குழல்களில் தசை மிகுதி. ஆகையால் அது மிக எளிதில் திணறும். அதன் உடலில் இவ்விளைவை உண்டாக்கும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஒரு வகை. மனிதனிடத்தில் வேறு வகை. சுண்டெலியிடத்தில் எதிர்ப்பொருள் மனிதனுடையதைப் போன்றதாயினும், மூச்சுக்குழல் அமைப்பு வேறுபடுகின்றது. மேலும், பரிசோதனைப் பிராணிக்குச் சில வாரங்களில் மிகுந்த அளவில் கொடுக்கப்படுவதை, தொழிலாளி பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகப் பெறுகின்றான். தானாகவே இந்நோய்க்கு ஆளாகும் பிராணி ஒன்று உண்டு, அது குதிரை. பூஞ்சணம் பூத்த உலர்புல்லைத் தின்று லாயத்தில் அடைபட்டுக் கிடக்கும் குதிரைக்கு வரும் இளைப்பைக் குதிரை ஆஸ்துமா என்றே இப்பொழுது கூறுகின்றனர். அதனை வெளியில் மேய விட்டாலே பெரும்பாலும் குணமடைகின்றது. தூசியை விட்டு விலகுவதே முதல் சிகிச்சை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

மனிதர்களிடத்தில் கண்டறிந்தால்தான் உண்மை உறுதிப்படும். ஸ்பெயின் தேசத்து பார்சிலோனா துறைமுக நகரத்தில் 1981 முதல் 1987 வரை 26 தடவை திடீரென ஆஸ்துமா பரவியது. துறைமுகத்தில் சோயா மொச்சையைக் களஞ்சியத்தில் இறக்கிய நாட்களிலேயே இவ்வாறு நேர்ந்தது என்று 1989ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. களஞ்சியத்திற்குத் தூசி வடிகட்டிகளைப் பொருத்தியவுடன் நோய்ப் பரவல் நின்றது.

மருந்துப் பொட்டலத்தின் சீட்டு

பயிர்களுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகள் 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு செய்யப்படும் முன்னர், பிராணிகளிடத்தில் அவற்றின் நச்சுத்தன்மை பரிசோதிக்கப்படுகின்றது. தாம்பரத்திற்கு மேற்கே படப்பையில், முன்னர் பிரடெரிக் பயிர்ப்பாதுகாப்பு நச்சியல் நிறுவனம் என்று வழங்கிய ஆராய்ச்சி நிலையம் இத்தகைய பரிசோதனைகளைச் செய்துவருகின்றது. சுவாசித்தால் நஞ்சாகுமா, தோலில் பட்டால் ஒவ்வாமை தருமா என்பன பரிசோதிக்கப்படும் விஷயங்களில் சேர்ந்தவை.

ஆனால் இங்கே குடியானவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்றுண்டு. ஒரு பொருள் ஆஸ்துமாவை உண்டாக்குமா என்று முன்கூட்டியே அறிவதற்கு, சர்வதேச அமைப்புகளால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிராணிப் பரிசோதனை ஒன்றும் இதுவரையில் இல்லை. மேலே கூறிய வேறுபாடுகள் இதற்குத் தடையாயிருந்திருக்கின்றன. ஆகவே, பொட்டலத்தின் சீட்டில் இளைப்பைப் பற்றி ஒன்றும் குறிக்கப்படாததால், அப்பொருள் மூச்சுக்குத் தீங்கற்றது என்று எண்ணிவிடக்கூடாது. பிண்ணாக்கு மூட்டைக்கோ இத்தகைய பரிசோதனையும் இல்லை.

பிராணிகளுக்கு நாம் செய்யும் கடமை

வாயற்ற பிராணியை இவ்விதம் வருத்துவது தகுமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பரிசோதனைகளைக் கண்காணிக்க ஒரு கமிட்டி அமைக்கப்பட்டுள்ளது. பிராணிகளுக்குப் பதிலாக வேறு வழி இருந்தால் அதனைக் கைக்கொள்வது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைக் குறைப்பது என்னும் மூன்று விதிகளை 1959ஆம் ஆண்டில் ரஸ்ஸல், பர்ச் என்பவர்கள் வகுத்தனர். இக்காலத்தில் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்தே பல பரீட்சைகள் நடக்கின்றன. பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் எலியின் மாஸ்டு உயிரணுக்களைத் தனியே எடுத்து ஆமணக்குப் புரதங்களைச் சோதித்தனர். சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்களைக் கலப்பதனால் பிண்ணாக்கின் நஞ்சையும் ஒவ்வாமைக் குணத்தையும் ஒருங்கே ஒடுக்கக்கூடும் என்று 2012ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். இது ஆலைகளில் செய்யவேண்டிய காரியமேயன்றி, குடியானவர்கள் தாமே செய்து பார்ப்பதற்குரியதன்று. இவ்வளவு உயிர்களின் வாயிலாகக் கிடைத்த அறிவை நாம் பயன்படுத்தாமலிருப்பதுதான் அவற்றிற்குச் செய்யும் பெரிய கொடுமையாகும்.

கவனிக்கவேண்டியவை

1. பிண்ணாக்கை உலர்ந்தபடியே இடிக்கலாகாது. அன்றன்று வேண்டிய அளவை மாத்திரம் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பின்னர் உடைக்கவேண்டும். ஈரமாக்கியதை மிச்சம் வைத்தால் பூஞ்சணம் பூக்கும், அதுவும் கெடுதலே. ஊறவைத்துக் கரைசலாக விடுவது இன்னும் நல்லது.

2. தூளைத் தூவும்போது காற்றுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். பலத்த காற்றடிக்கும் வேளையில் தூவலாகாது.

3. காலிச் சாக்குகளை வீட்டு முற்றத்தில் உதறக்கூடாது. ஆமணக்குச் சாக்கில் தானியத்தையோ தீனியையோ கட்டவேண்டாம்.

4. துண்டைக் கட்டிக்கொள்வது நுண்ணிய தூசியைத் தடுக்காது. என்-95 என்னும் முகக்கவசத்தை மூக்கோடு நன்றாய்ப் பொருந்தும்படி அணியவேண்டும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அவசியம். வேலை முடிந்தவுடன் குளித்து, அத்துணிகளைத் தனியே துவைக்கவேண்டும். குழந்தைகளை அதே துணியோடு தூக்கலாகாது.

5. ஆமணக்குப் பிண்ணாக்கை மாடு, ஆடு, நாய் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். மாடித்தோட்டம் வைத்திருப்போர் இதனை விசேஷமாய்க் கவனிக்கவேண்டும். தொட்டியில் இட்ட பிண்ணாக்கை நாய் தின்று இறக்கவும் கூடும்.

6. வேலை நாட்களில் மூக்கில் நீர் வடிதல், கண் அரிப்பு, இரவில் இருமல், விசில் போன்ற மூச்சொலி ஆகியவை கண்டு, வேலையில்லாத நாட்களில் அவை தணிந்தால், உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். செய்யும் வேலை இன்னதென்று நாமாகவே முதலில் சொல்லவேண்டும். மூச்சு வேகத்தை அளக்கும் சிறு கருவியைக்கொண்டு, தினம் நான்கு வேளை, வேலை நாட்களிலும் ஓய்வு நாட்களிலுமாகச் சில வாரங்கள் அளந்து குறித்து வைத்தால், நோயின் காரணத்தை அறிவது எளிதாகும்.

7. இத்தூசியினால்தான் நோய் என்று உறுதியானபின், முகக்கவசத்தை நம்பி அதே வேலையைத் தொடரலாகாது. குடும்பத்தில் வேறொருவர் அவ்வேலையை எடுத்துக்கொள்ளவேண்டும். இயலாவிடில் வேறு எருவுக்கு மாறவேண்டும். சீக்கிரம் விலகியவர்களுக்குக் குணமடையும் வாய்ப்பு அதிகம். காலந்தாழ்த்தியவர்களில் பலர், வேலையை விட்ட பின்னரும் இளைப்போடே காலங்கழிக்க நேரிடுகின்றது.

ஒரு மூட்டைப் பிண்ணாக்கினால் நிலம் பெறும் சத்தை மறு போகத்திலும் ஈடு செய்துகொள்ளலாம். இழந்த மூச்சை அவ்விதம் ஈடு செய்ய வழியில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துவிட்டு வேலையைத் தொடங்குவது பெரிய சிரமமும் அன்று, செலவும் அன்று. குடியானவர்கள் இதனை இப்பருவத்திலிருந்தே வழக்கமாக்கிக்கொள்வார்களாயின், தாங்களும் தங்கள் வேலையாட்களும் நெடுநாள் சுகமாய் உழைத்துப் பலனடையலாம்.